அரைக்கால் விமானம்

எங்கள் பாடசாலை மண்டபத்தின் மேடையோரத்திலே சென்ற ஆண்டின் இறுதித் தவணை முழுவதும் ஓர் ஆகாய விமானம் நின்றது. மெய்யான விமானமன்று, மாதிரி. எனினும் இறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மூன்று மீற்றரும் அறுபது சென்ரிமீற்றரும் அகன்ற பொருளை விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிட எவருக்கும் மனம் வரவில்லை. பத்தாந் தரத்து மாணவன் ஒருவனும் அவனுடைய தோழர் மூவரும் ஏழு மாதம் பாடுபட்டு அதனைச் செய்தனர். பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ளைகள் காட்போட் மட்டையுங் கையுமாய்த் திரிகின்றார்களே என்று முதன்முதலிற் கடிந்தவன் நான். அந்தக் கண்டனத்தை மீளப் பெற்றுக்கொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

நான் பிராசீன முறையிலே இலக்கண இலக்கியங் கற்றுப் பண்டிதனானவன். விமானத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு சீவகசிந்தாமணியோடு தொடங்கி அதனோடு முடிந்திருந்தது. சச்சந்தன் தன் தேவி விசயையின் பொருட்டு மயிற்பொறி செய்வித்த கதையைச் சொல்லும்போதெல்லாம், "பாருங்கள், மேனாட்டார் நினையாத காலத்திலே நம்மவர் வானூர்தி கண்டனர்" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுவது என் வழக்கம். மேடைகளிலும் இந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் தவறாது கிடைக்கும். இம்மாணவன் கைதட்டவில்லை. எழுந்து நின்று, "அதை என்னத்தாலை செய்தவை, சேர்?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினேன். விடை அங்கேயே இருக்கின்றது. திருத்தக்கதேவர் ஒரே பாட்டிலே சாமான் பட்டியல் முழுவதையுந் தந்திருக்கின்றார்: துணிக் கிழி, பசை, நூல், நல்ல அரக்கு, மெழுகு, இன்னும் வேண்டிய பிற. தச்சன் ஏழு நாளிலே வேலையை முடித்தான் என்று கணக்குஞ் சொல்லுகின்றார். வலப்பக்கந் திரித்தால் மேலெழும். இடப்பக்கந் திரித்தால் இறங்கும். அரசி அதனை ஏறிச் செலுத்திப் பழகியும் இருந்தாள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக அப்பாடலைப் பதம்பிரித்துப் பொருள் கூறிவந்த நான், அது ஒரு கைவினைஞனின் குறிப்பு என்பதைக் கண்டேனில்லை. பெருமை பேசுதற்கு வேண்டியது மயில். செய்தற்கு வேண்டியது பசையும் நூலும். நான் மயிலை மாத்திரமே கற்பித்து வந்திருக்கின்றேன். மறுநாள் பட்டியலை வகுப்பிலே சொன்னபோது, அவன் அதனைக் கடைச் சிட்டைபோல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டான். அரக்கு எந்தக் கடையில் விற்கும் என்று விசாரிக்கவுஞ் செய்தான்.

அப்பகுதியை வன்னியிலே கற்பிப்பதில் இன்னுமொரு வேறுபாடு உண்டு. மயிற்பொறியிலே பயணஞ் செய்தவள் ஒருத்தியே; நிறைசூலி; போரிலிருந்து தப்பி ஓடுபவள்; அவள் இறங்கிய இடம் சுடுகாடு. இதற்கு எங்கள் ஊரில் நச்சினார்க்கினியர் உரை வேண்டுவதில்லை. இப்பிள்ளைகளின் தாய்மார், வானத்தில் இரைச்சல் கேட்டவுடன் பதுங்குகுழிக்குட் குதித்தவர்கள். கிபிர், பொம்மர், வண்டு என்பன அவர்களுடைய விமானச் சொற்கள். விமானம் மனிதரை ஏற்றிச் சென்று இறக்கிவிடும் ஒரு வாகனம் என்ற செய்தி எங்கள் ஊரிலே ஒரு தலைமுறைக்குக் கேள்விச் செய்தியாகவே இருந்தது. மாதிரியின் இறகுகளை முதன்முறை முற்றத்திலே பொருத்திப் பார்த்தபோது, அம்மாணவனின் பாட்டியார் அடுக்களையிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாராம். இரண்டு நாள் அந்தப் பக்கம் அவர் வரவில்லை.

எந்த விமானத்தைச் செய்வது என்பதிலே வழக்கு இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் வாழும் லூக்கா ஐயாக்கோனி ஸ்ருவேட் என்னும் இளைஞர் செய்த மாதிரியின் படத்தை யாரோ கைத்தொலைபேசியிற் காட்டியிருந்தனர். அவர் உயர்பாடசாலையிற் பயின்ற காலத்தில், 2008ஆம் ஆண்டிலே தொடங்கியவர். எடுத்துக்கொண்டது எயார் இந்தியா நிறுவனத்தின் போயிங் 777. அளவு அறுபதில் ஒன்று. பொருளோ நமது அலுவலகங்களிலே கடிதங்களைக் கோத்துவைக்கும் மணிலா மட்டை. கட்டடக்கலை வகுப்பிலே அந்த மட்டையால் வீட்டுமாதிரி செய்யப் பழகியவர், அதே மட்டையால் ஆசனம், கதவு, சக்கரக்கால், இயந்திரத்தின் உட்பாகம் என்று ஒவ்வொன்றையும் அசையும்படி வெட்டி ஒட்டினார். அதற்காகச் சர்வகலாசாலைப் படிப்பையும் விட்டார். (இக்கடைசிச் செய்தியை நான் வகுப்பிலே சொல்லவில்லை.) மெய்யான அவ்விமானம் ஏறத்தாழ எழுபத்துநான்கு மீற்றர் நீளமுடையது, அவருடைய மாதிரி ஒன்றேகால் மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மாணவன் அதனையே செய்ய விரும்பினான். நான்தான் டக்கோட்டாவைச் சொன்னேன்.

காரணம் உண்டு. 1947ஆம் ஆண்டு திசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. அவ்விமானம் காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. இலங்கைக்குச் சுதந்திரம் வருவதற்கு இரண்டு மாதம் முந்தி, இந்நாட்டின் முதற் பயணிகள் விமானம் தன் முதல் ஓட்டத்திலேயே பலாலி மண்ணிலே கால்வைத்தது என்பதை நம் பிள்ளைகள் எத்தனைபேர் அறிவர்? அது டக்கோட்டா வகையைச் சேர்ந்தது. அதற்கு இட்ட பெயர் சீதாதேவி. வானவழியே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவளின் பெயரை இலங்கையின் முதல் விமானத்துக்கு வைத்தவர் நகைச்சுவை அறிந்தவரோ அறியாதவரோ, நானறியேன். கம்பநாடர் இராவணனை அவளைத் தீண்டவிடாது, நிலத்தோடு பெயர்த்தெடுத்துத் தேரிலே வைக்கச் செய்தார் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன்.

டக்கோட்டாவின் வரலாறு இன்னுஞ் சிந்திக்கத்தக்கது. டக்ளஸ் நிறுவனத்தார் டிசி-3 என்னும் பெயரில் அதனைப் பயணிகளுக்கென்றே செய்தனர். முதன்முறை பறந்தது 1935ஆம் ஆண்டு திசம்பர் 17ஆந் திகதி. பின்னர் இரண்டாம் உலகயுத்தம் வந்தது. படைகளையுந் தளபாடங்களையுஞ் சுமப்பதற்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட டக்கோட்டாக்கள் கட்டப்பட்டன. யுத்தம் முடிந்தபின் மிஞ்சிக் கிடந்தவற்றை வாங்கி, ஆசனம் பூட்டி, உலகெங்கும் புதிய விமானக் கம்பனிகள் பிறந்தன. யுத்தத்தின் வண்டி குடிமக்களின் வண்டியாயிற்று. எங்களுக்கோ ஒழுங்கு மாறி நடந்தது. எயார் சிலோன் 1960களிலே பயணிகளை ஏற்றிய அவ்ரோ என்னும் விமானத்தின் பெயர், யாழ்ப்பாணத்திலே குண்டு போடும் விமானத்தின் பெயராகக் காதில் விழுந்தது. 1998 செப்ரெம்பர் 29ஆந் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம், எங்கள் கரைக்கு அப்பால் இரணைதீவுக் கடலிலே வீழ்த்தப்பட்டது. அதில் இருந்தோர் ஐம்பத்தைந்து பேர். அதன் சிதைவுகள் 2012இலேதான் கடலடியிற் கண்டெடுக்கப்பட்டன. இவ்வூரிலிருந்து மேற்கே போனால் அந்தக் கடல்தான் வரும்.

இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்ன பிறகு போயிங் பற்றிய பேச்சு எழவில்லை.

அளவு எட்டில் ஒன்று என்று முடிவாயிற்று. அதற்கு நம் பழைய கணக்கிலே அரைக்கால் என்று பெயர். முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்று நான் கரும்பலகையிலே எழுதியபோது, இவை பழைய வாய்பாட்டுக்குரிய சொற்கள் என்றிருந்தவர்கள் அவற்றைக் கொண்டு அளக்கத் தொடங்கினர். விமானம் என்ற வடசொல்லினுள்ளேயே அளத்தல் என்னும் பொருளுடைய தாது இருக்கின்றது. மானம் என்றால் அளவு. சிற்ப நூலாரும் அப்பொருளிலேயே அச்சொல்லை ஆளுவர். கோயில் விமானமும் வான விமானமும் அளவாலேயே நிற்பன. இந்தச் சொல்லாராய்ச்சியிலே எனக்கு இருந்த மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

டக்கோட்டாவின் இறககலம் 29 மீற்றர், நீளம் 19.7 மீற்றர். அரைக்காலாக்கினால் முறையே 3.6 மீற்றரும், இரண்டரை மீற்றருக்குச் சற்றுக் குறைவும் ஆகும். இது எளிது. மெய்யான விமானத்தின் அலுமினியத் தோல் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பே. அதனை எட்டாற் பிரித்தால் வருவது கொப்பித் தாளின் தடிப்பு! எனவே இத்தனை பெரிய மாதிரிக்கு ஏற்ற தோல் தாளே என்பது கணக்கினால் உறுதியாயிற்று. பாடசாலை அலுமாரியிலே பல ஆண்டுகளின் மாதிரி வினாத்தாள்கள் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. மாதிரி விமானம் அவற்றை உடுத்திக்கொண்டது. வெள்ளிநிறப் பெயின்ற் பூசுவதற்கு முன்பு அருகிற் சென்று பார்த்தவர்கள், இடது இறகிலே புணரியல் வினாக்களை வாசித்திருக்கலாம்.

அளவைக் குறைத்தால் எல்லாமே ஒரே வீதத்திற் குறையும் என்று நானும் எண்ணியிருந்தேன். கணித ஆசிரியர் திருத்தினார். நீளம் எட்டில் ஒன்றானால் இறகின் பரப்பு அறுபத்துநான்கில் ஒன்றாகும். பாரமோ ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றாகும். சிட்டுக்குருவி இலேசாய் எழுவதும் மயில் வருந்தி எழுவதும் இதனாலேயே. பெரிய விலங்கின் எலும்பு, சிறிய விலங்கின் எலும்பின் நெடிய வடிவமாக மாத்திரம் இருந்தால் முறிந்துபோம் என்று கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலிலே விளக்கினாராம். ஓர் ஆளைச் சுமக்கும் மயிலுக்கு எவ்வளவு இறகு வேண்டும் என்று பிள்ளைகள் அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தனர். தேவருடைய தச்சனுக்கு அவர்கள் இட்ட புள்ளியை இங்கே வெளியிடேன்.

இனித் தமிழாசிரியர்கள் கவனிக்கவேண்டிய பகுதிக்கு வருகின்றேன். வேலை தொடங்கிய மூன்றாம் நாளே மொழி முட்டிற்று. பாகங்களுக்குப் பெயர் இல்லை. படங்களிலே ஆங்கிலப் பெயர்; வாயிலே "அந்த வளைஞ்ச துண்டு", "இந்த நீட்டுத்தடி". ஒருவன் கேட்டதற்கு மற்றவன் வேறொன்றை எடுத்துக் கொடுப்பான். நான் உற்சாகத்தோடு முன்வந்து பத்துப் பன்னிரண்டு சொற்களை ஆக்கிக் கொடுத்தேன். சில சொற்கள் அந்தத் தடிகளிலும் நீளமாயிருந்தன. பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டனர், ஒன்றையேனும் வழங்கவில்லை. பின்னர் ஒருநாள் உடலின் வளைசட்டங்களை வரிசையாக நிறுத்தியபோது, கரையோரத்துப் பிள்ளையொருவன், "இது வங்குதானே" என்றான். அவனுடைய தாய்வழிப் பாட்டனார் நாச்சிக்குடாவிலே வள்ளங் கட்டியவர். வள்ளத்தின் விலாவெலும்புபோல் நிற்கும் சட்டத்துக்கு வங்கு என்று பெயர். அச்சொல்லை நான் அகராதியிலே கண்டிருக்கின்றேன். வாயாற் சொல்லக் கேட்டது அன்றுதான். அதன்பின் முன்புறம் அணியமாயிற்று. அடியில் ஓடிய நெடுஞ்சட்டம் ஏரா. வாலிலே திரும்பும் பலகை சுக்கான். ஆங்கிலேயர் தாமும் கப்பலிலிருந்தே தம் விமானச் சொற்களிற் பலவற்றை எடுத்தனர். சுக்கானுக்கும் தலைவனுக்கும் அவர்கள் வழங்குவன பழைய கடற்சொற்களே. நாம்மட்டும் கடலை அருகில் வைத்துக்கொண்டு வடமொழி வேர்களைத் தோண்டிக்கொண்டிருந்தோம். கலைச்சொல்லாக்கம் என்று ஆண்டுதோறும் கூட்டங் கூடுகின்றோம். கையிலே பொருள் இல்லாத கூட்டத்திலே பிறக்குஞ் சொல் தாளிலேயே கிடந்து மடிகின்றது. இதை என்னுடைய சொற்களையுஞ் சேர்த்தே சொல்லுகின்றேன்.

பிழையும் நேர்ந்தது. டக்கோட்டாவின் இறகிலே முன்விளிம்பு பின்னோக்கிச் சாயும். பின்விளிம்பு ஏறக்குறைய நேராக ஓடும். பிள்ளைகள் மாறிச் செய்துவிட்டனர். ஒரு மாத வேலை. "யார் பார்க்கப் போகின்றார்கள், விட்டுவிடு" என்றேன். "பிழையெண்டால் பிழைதானே, சேர்" என்று சொல்லி அவன் இறகைப் பிரித்தான். வெண்பாவிலே ஒரு தளை தட்டினால் முழுப் பாட்டுக்கும் புள்ளி கொடாத நான் அவனுக்கு அந்த அறிவுரையைச் சொன்னேன் என்பதை எண்ண இன்றைக்கும் வெட்கமாயிருக்கின்றது. இரண்டாம் முறை செய்தபோது நடுப்பகுதியையும் இரு வெளிப்பகுதிகளையும் வெவ்வேறாகச் செய்து, இயந்திரங்களுக்கு அப்பால் ஆணியாற் பூட்டினர். மெய்யான டக்கோட்டாவும் அவ்வாறே பூட்டப்பட்டது என்பது பின்னர் படத்திலிருந்து தெரிந்தது. இயந்திரத்துக்குப் பதினான்கு உருளையாக இரண்டுக்கும் இருபத்தெட்டு. தையற்கடையிலிருந்து நூற்கட்டை சேர்த்தனர்.

எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். இளமையில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனபோது பலாலியிலிருந்து இரத்மலானைக்கு டக்கோட்டாவிலே சென்றவர். மாதிரி மட்டமாக நின்றது. இக்காலத்து விமானப் படங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தானே இருக்கின்றது! அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது பிழை. வால் நிலத்திலை இருக்கும். பின்பக்கத்துக் கதவாலை ஏறி, மேட்டிலை ஏறுற மாதிரி முன்னுக்கு நடக்கவேணும்" என்றார். சின்னச் சக்கரம் வாலின் கீழே என்று கையாற் காட்டினார். அன்றே மாற்றினர். அணியம் நிமிர்ந்தது. பெரியவர் அதற்குப்பின் நெடுநேரம் இருந்தார். ஆகாயத்திலிருந்து பார்த்தபோது வன்னிக் குளங்கள் எப்படித் தெரிந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டியாரும் அன்று முற்றத்துக்கு வந்து, கதவு திறக்குமோ என்று கேட்டாராம்.

பரீட்சை என்ன ஆவது என்று சக ஆசிரியர்கள் கேட்கின்றனர், கேட்கவேண்டிய கேள்விதான். எட்டுப் பாடத்துக்கும் ஒன்பது பாடத்துக்கும் புள்ளி பெறவேண்டிய ஏழைப்பிள்ளைக்கு ஏழு மாதம் சிறிய விலையன்று. ஆயினும் அந்த ஏழு மாதத்தில் அவர்கள் கற்ற விகிதக் கணக்கை நான் வகுப்பறையிலே காணவில்லை. எங்கள் வயல்களிலே ஓடும் லாண்ட்மாஸ்ரர் என்னும் இருசக்கர உழவு யந்திரத்தை 1950களிலே வடிவமைத்தவர் இந்நாட்டவரான ரே விஜேவர்த்தன. சிறு விமானங்களைத் தாமே வடிவமைத்துத் தாமே கட்டிப் பறந்தவரும் அவரே, 2010இல் மறைந்தார். இறகு செய்யும் கை கலப்பை செய்யாது என்று யார் சொன்னது? மறுபுறத்திலே, பெரிது செய்வதெல்லாம் கல்வி என்றும் நான் சொல்லேன். இலண்டன் ஹீத்ரோ நிலைய வாயிலிலே பல ஆண்டு நின்ற கொன்கோர்ட் மாதிரி, மெய்யானதில் நூற்றுக்கு நாற்பது பங்கு. நம் டக்கோட்டாவை முழுதாய் நிறுத்தினாலும் அதனிலும் அம்மாதிரி நீளங்கூடியது. அது விளம்பரம். அங்கே எந்த மாணவனும் வங்கு என்று சொல்லவில்லை.

தமிழ்மொழித்தினப் போட்டிகளை நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். பேச்சு, கட்டுரை, கவிதை, இசை, நாடகம் எல்லாம் இருக்கட்டும். தான் கையாற் செய்த ஒரு பொருளை, அது செய்யப்பட்ட முறையை, பார்த்தறியாத ஒருவன் திரும்பச் செய்யக்கூடியவாறு தமிழிலே எழுதுதல் என்று ஒரு போட்டியைச் சேர்த்துப் பாருங்கள். வள்ளமானாலுஞ் சரி, வண்டில் ஆனாலுஞ் சரி, பனையோலைப் பெட்டியானாலுஞ் சரி. எங்கள் மாணவன் அவ்வாறு எழுதிய பதினொரு பக்கம் என்னிடம் இருக்கின்றது. சந்திப்பிழை மலிந்தது. சிவப்பு மையாலே திருத்த எடுத்தேன். ஓரிடத்திலும் பொருள் மயங்கவில்லை என்று கண்டு, பென்சிலாலே திருத்தினேன். "விமானம் பற்றி" நான் எழுதுவித்த மற்றைக் கட்டுரைகள் முப்பத்திரண்டிலும் ரைட் சகோதரர் வருகின்றனர், பசை வரவில்லை.

2019 ஒக்டோபரிலே பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து விமானம் வந்து இறங்கிற்று. சீதாதேவி சென்ற வழி எழுபத்திரண்டு ஆண்டுக்குப்பின் மறுதிசையிலே திறந்தது. சங்குப்பிட்டிப் பாலத்தாலே போனால் எங்களுக்கு அது எட்டாத தொலைவன்று. பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டும் என்றிருக்கின்றேன். பேருந்துக்குப் பணம் சேர்கின்றது.

மண்டபம் பரிசளிப்பு விழாவுக்கு வேண்டுமென்று கேட்டார்கள். ஆணிகளைக் கழற்றி, வெளியிறகு இரண்டையும் தனியே எடுத்து, உடலைச் சாய்த்துக் கதவாலே வெளிக்கொணர்ந்து, லாண்ட்மாஸ்ரரிலே ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது மாட்டுக்கொட்டிலை அடுத்த பத்தியிலே நிற்கின்றது. வாலின் கீழே ஒரு செங்கல். அணியத்தருகே பெயர் எழுத விட்ட இடம் இன்னும் வெறுமையாய் இருக்கின்றது. சீதாதேவி என்று எழுதுவதே வரலாறு என்று நான் சொல்லுகின்றேன். இரணைதீவு என்று எழுதவேண்டும் என்கிறான் வங்கு சொன்ன பிள்ளை. மாரி தொடங்குவதற்குள் பத்திக்குக் கிடுகு மாற்றவேண்டும். தோல் வினாத்தாள்தானே, நனைந்தால் தாங்காது.